ஊருணியிலிருந்து மாஸ்டர் பிளான் வரை: நம் ஊரைத் திட்டமிடுவதில் போனும் வரைபடமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024-ல் காரைக்குடி மாநகராட்சியானது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் போன்ற ஊராட்சிகளும் அதோடு சேர்ந்தன. அன்றிலிருந்து கல்யாண வீடு, டீக்கடை, வாட்ஸ்அப் குழு எங்கே போனாலும் ஒரே பேச்சுதான்: எந்த ரோடு அகலமாகும், எந்தப் பொட்டல் என்ன ஆகும், வரி எவ்வளவு ஏறும்.

நானும் சில நண்பர்களும் இரண்டு மழைக்காலமாக, ஊருணிகளுக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால்களைப் போனில் குறித்து வரைபடத்தில் ஏற்றி வருகிறோம். தெருத் தெருவாக நடக்கும்போது எங்களை நிறுத்தி மக்கள் கேட்ட கேள்விகளும், நாங்கள் சொன்ன பதில்களும் இவை. காரைக்குடிக்கு மட்டுமில்லை, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் என்று செட்டிநாட்டின் எந்த ஊருக்கும் பொருந்தும்.

மாஸ்டர் பிளான் என்கிறார்களே, அதில் எனக்கு என்ன வேலை?

அரசுக் காகிதங்களில் அதை முழுமைத் திட்டம் என்று எழுதுவார்கள். ஊரில் எந்த நிலம் வீட்டுக்கு, எது கடைக்கு, எது தொழிற்சாலைக்கு, எது விவசாயத்துக்கு, புது ரோடு எங்கே என்று பல ஆண்டுகளுக்குச் சேர்த்து முடிவு செய்யும் ஆவணம். நாளைக்கு உங்கள் மனையில் என்ன கட்டலாம் என்பது, அந்த வரைபடத்தில் உங்கள் சர்வே எண் மேல் என்ன வண்ணம் பூசியிருக்கிறது என்பதைப் பொறுத்திருக்கும்.

இதில் பேச உங்களுக்குச் சட்டப்படியே இடமிருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, திட்டத்தின் வரைவு தயாரானதும் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வர வேண்டும். அறிவிப்பு வந்த நாளிலிருந்து குறைந்தது 2 மாதம் ஆட்சேபணையும் யோசனையும் சொல்ல நேரம் தர வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம்.

ஆனால் அந்த இரண்டு மாதத்தில் எத்தனை பேர் அலுவலகம் போய் வரைபடத்தை விரித்துப் பார்க்கிறார்கள்? பார்த்தாலும் அதில் நம் தெரு ஒரு விரற்கடை நீளம்தான் இருக்கும். ‘பரவாயில்லை, ஏதோ போட்டிருக்கிறார்கள்’ என்று திரும்பி வந்துவிடுகிறோம். அதே வரைபடம் போனில் திறந்து, சர்வே எண்ணைத் தட்டினால் நம் வீட்டுக் கொல்லையையே காட்டுகிறது என்றால் நிலைமை வேறு. எதிர்வீட்டு ஆச்சிகூட ‘எங்க கிணத்துமேல ரோடு போட்டிருக்காக’ என்று கண்டுபிடித்துவிடுவார்.

டிஜிட்டல் கருவி என்றால் இன்னொரு ஆப் போட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். இதில் பல வகை இருக்கிறது. கேள்வித்தாளைப் போனில் நிரப்புவது ஒன்று. கோபோ டூல்பாக்ஸ் இதற்கு நல்லது. சிக்னல் இல்லாத இடத்திலும் பதிலைச் சேமித்துக்கொண்டு, பிறகு சிக்னல் கிடைத்ததும் அனுப்பிவிடும். அடுத்தது வரைபடத்தில் இடத்தைக் குறித்துக் கருத்து எழுதுவது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004-ல் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடம். அதன்மேல் நம் ஊர்த் தகவலை மட்டும் தனி அடுக்காகப் போட யூமேப் உதவும். மூன்றாவது, யோசனை சொல்லி விவாதித்து, அதற்கு நிர்வாகம் என்ன பதில் சொன்னது என்றும் பார்க்கிற தளங்கள்: டெசிடிம், கான்சல் போன்றவை. இவையெல்லாம் இலவசம். டெசிடிம், கான்சல் இரண்டின் மென்பொருளையும் எந்த நகராட்சியும் எடுத்துத் தன் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

நம் முன்னோர்தான் அன்றைக்கே திட்டம் போட்டு ஊரைக் கட்டிவிட்டார்களே. இனி நாம் என்ன சொல்லப் போகிறோம்?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது.

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பெரிய வீட்டு முகப்பில் நின்று உள்ளே பாருங்கள். திண்ணை, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று நேர்கோட்டில் கண் போய்ப் பின்தெருவில் முட்டும். ஒரு வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. தெருக்கள் நூல் பிடித்தாற்போல் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத வறண்ட பூமி இது. அதனால் மழைத் தண்ணீரை வைத்துத்தான் ஊரையே அமைத்தார்கள். ஓட்டுக்கூரையில் விழுந்த மழை முற்றத்தில் இறங்கும். அண்டாவில் பிடித்தது போக மிச்சம் முற்றத்துத் தூம்பு வழியே தெருக்கால்வாய்க்குப் போகும். அங்கிருந்து வரத்துக்கால். அதன் முடிவில் ஊருணி. ஊருணி நிறைந்தால் பக்கத்துக் கிணறுகளில் ஊற்று ஏறும்.

இந்த அமைப்பில் எந்தக் கண்ணி எங்கே அறுந்திருக்கிறது என்பதுதான் இன்றைய கேள்வி. ஒரு இடத்தில் ரோட்டை மேலே மேலே போட்டு உயர்த்தியதால் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் திரும்புகிறது. இன்னொரு இடத்தில் வரத்துக்கால் மேல் கடை எழும்பியிருக்கிறது. வேறொரு இடத்தில் கழிவுநீரை அதே காலில் விட்டுவிட்டதால், ஊருணிக்குத் தண்ணீர் வராமல் இருப்பதே நல்லது என்று வாயை அடைத்துவிட்டார்கள். செயற்கைக்கோள் படத்தில் இது எதுவுமே தெரியாது. மூடிய கால்வாய் அதில் வெறும் ரோடாகத்தான் இருக்கும். வருவாய்த்துறை ஆவணத்தில் ஒரு மெல்லிய கோடு இருக்கலாம். அந்தக் கோட்டில் இப்போது தண்ணீர் ஓடுகிறதா என்று ஆவணம் சொல்லாது. அறுபது மழை பார்த்த மனிதர்தான் சொல்வார்.

அவர் சொல்வதை, திட்டம் தயாரிப்பவர் கையாளக்கூடிய ஒரு வரைபடமாக மாற்றித் தருவதற்குத்தான் இந்தக் கருவிகள்.

சரி, ஒரு வரத்துக்காலை வரைபடத்தில் எப்படி ஏற்றுகிறீர்கள்?

ஐப்பசி அடைமழையில் ஒரு நல்ல மழை பெய்து விட்ட கையோடு கிளம்ப வேண்டும். தண்ணீர் தானாக வழி காட்டும். ஊருணியின் வாயில் தொடங்கி, தண்ணீர் வரும் திசைக்கு எதிராக மேலே நடப்போம். கையில் போன், ஒரு அச்சிட்ட தெரு வரைபடம், பென்சில். போனில் இருப்பிடப் பதிவை ஓடவிட்டு, மூடிகள், குழாய்கள், உடைப்புகள், அடைப்புகள் இருக்குமிடத்தில் நின்று ஒரு படம், ஒரு வரிக் குறிப்பு. அரசின் நில ஆவண இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணின் புலப்படம் (நில அளவை வரைபடம்) கிடைக்கும். அதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

ஒரு விஷயத்தில் நாங்கள் கறாராக இருக்கிறோம். ஒவ்வொரு கோட்டுக்கும் மூன்று வண்ணத்தில் ஒன்று. நாங்களே தண்ணீர் ஓடப் பார்த்தது நீலம். ஆவணத்தில் இருப்பது கறுப்பு. பெரியவர்கள் சொன்னது, இன்னும் கண்ணால் பார்க்காதது ஆரஞ்சு. இப்படிப் பிரிக்காவிட்டால், ‘இதெல்லாம் யாரோ சொன்ன கதை’ என்று ஒரே வார்த்தையில் முழு வரைபடத்தையும் தள்ளிவிடுவார்கள். பிரித்துக் காட்டினால் நீலத்தையும் கறுப்பையும் யாரும் மறுக்க முடியாது. ஆரஞ்சைச் சரிபார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

முதல் வருடம் ஒரு ஊருணிக்குக் கிழக்கே இருந்துதான் தண்ணீர் வருகிறது என்று நாங்கள் முடிவே கட்டிவிட்டோம். பள்ளம் அப்படித்தான் தெரிந்தது. படித்துறைப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு அப்பத்தா, ‘மேக்கால இருந்துல்ல தம்பி வரும், நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து அப்படித்தான்’ என்றார். மரியாதைக்காக ஆரஞ்சில் ஒரு கோடு போட்டோம். பத்து நாள் கழித்து ஒரு இரவு முழுக்க மழை. காலையில் போய்ப் பார்த்தால் மேற்குத் தெருவின் சிமெண்ட் பலகைக்கு அடியிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கிழக்கில் ஒரு சொட்டு இல்லை. அந்தக் கோடு இப்போது நீலம்.

வாட்ஸ்அப் குழுவில் பேசினால் போதாதா?

ஆளைக் கூப்பிட வாட்ஸ்அப்பை விடச் சிறந்த வழி இன்று இல்லை. சேர்த்து வைக்கத்தான் அது உதவாது. திங்கட்கிழமை போட்ட உடைந்த மூடியின் படம் புதன்கிழமைக்குள் நூறு காலை வணக்கத்துக்கு அடியில் போய்விடும். எத்தனை பேர் சொன்னார்கள், எந்த இடம், என்ன ஆயிற்று என்று பிறகு எடுக்க முடியாது. எங்கள் வழக்கம், குழுவில் யார் எதைச் சொன்னாலும் ஒருவர் அன்றிரவே வரைபடத்தில் ஏற்றிவிட்டு, அதன் இணைப்பைக் குழுவில் போட்டுவிடுவது.

எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது, நாங்கள் சென்னையில் இருக்கிறோம். நாங்கள் கருத்துச் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். செட்டிநாட்டுக்கு என்றே உள்ள சிக்கல் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இங்கே பல பெரிய வீடுகளுக்குச் சொந்தக்காரர்கள் சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர், அமெரிக்கா என்று இருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது பங்காளிகள்கூட உண்டு. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்து திறந்து, முடிந்ததும் பூட்டிவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு ஊர்மேல் உள்ள பாசத்தில் எள்ளளவும் சந்தேகமில்லை. இணையவழிக் கருத்துக்கேட்பு என்றால் அவர்களுக்கு ரொம்ப வசதியும்கூட. நல்ல போன், நல்ல இணையம், எழுதிப் பழக்கம் எல்லாம் இருக்கிறது. ஊரிலேயே இருக்கும் வாடகை வீட்டுக்காரர், ஆத்தங்குடியில் டைல்ஸ் வார்ப்பவர், சந்தையில் காய் விற்பவர் ஆகியோரிடம் இவை குறைவு. ஒரே பெட்டியில் எல்லாக் கருத்தையும் கொட்டி எண்ணினால், ஊரில் இல்லாதவர் குரல் ஊரில் இருப்பவர் குரலை மூழ்கடித்துவிடும்.

அதற்காக யாரையும் விலக்க வேண்டாம். படிவத்தின் முதல் கேள்வியிலேயே, ‘இங்கே வசிக்கிறேன்’, ‘இங்கே வீடு இருக்கிறது, வெளியூரில் வசிக்கிறேன்’, ‘இங்கே வேலைக்கு வருகிறேன்’ என்று பிரித்துவிட வேண்டும். முடிவையும் அப்படியே மூன்றாகக் காட்ட வேண்டும். தெருவில் வேன் நிறுத்தலாமா என்ற கேள்விக்கு வசிப்பவர் சொல்வதற்கு எடை அதிகம். பழைய வீட்டை இடிப்பதா காப்பதா என்பதில் சொந்தக்காரர் பேசாமல் எதுவும் நடக்காது.

நகரத்தாரிடம், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம், புள்ளிக் கணக்கு என்று ஒன்று உண்டு. கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. கோயில் காரியத்துக்கு, ஊர்க் காரியத்துக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. எந்த நாட்டில் இருந்தாலும் புள்ளி விட்டுப்போகாது. அந்தக் கணக்கை இன்றுவரை வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். ஊர்த் திட்டத்துக்கு அதே கவனத்தோடு, ஊரில் வாழ்கிற எல்லாச் சாதியையும் எல்லாத் தெருவையும் சேர்த்து ஒரு கணக்கு வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

எங்க அப்பத்தாவுக்குப் போனில் பேச மட்டும்தான் தெரியும். அவர் எப்படிக் கலந்துகொள்வார்?

அவர் போனைத் தொடவே வேண்டாம். நாம் போனோடு அவரிடம் போக வேண்டும்.

இணையத்தில் படிவத்தைப் போட்டுவிட்டு ‘மக்களிடம் கேட்டுவிட்டோம்’ என்று முடித்துக்கொள்வதை நான் ஏற்கவே மாட்டேன். வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன் இருக்கும், அது மகன் கையிலோ பேரன் கையிலோ இருக்கும். தண்ணீர் பிடிப்பது, குப்பை போடுவது, பிள்ளையைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப் போவது எல்லாம் பெண்கள். ஆனால் படிவத்தை நிரப்பியவர்களை எண்ணினால் ஆண்களாக இருப்பார்கள். எங்கள் முதல் படிவத்தில் அப்படித்தான் ஆயிற்று. அதன்பிறகு ரேஷன் கடை வரிசை, அங்கன்வாடி வாசல், வாரச்சந்தை என்று போய் உட்கார ஆரம்பித்தோம். பெண் தன்னார்வலர்கள் கேட்டு, அவர்களே போனில் பதிந்தார்கள். வந்த குறைகளே மாறிவிட்டன. ரோடு அகலம், பார்க்கிங் என்று இருந்த பட்டியலில் தெருவிளக்கு, பொதுக் கழிப்பறை, பஸ் நிறுத்தத்தில் நிழல் எல்லாம் மேலே வந்தன.

இன்னும் இரண்டு வழி சொல்கிறேன். பேசத் தெரிந்தவருக்குக் குரல் பதிவு போதும். அதைக் கேட்டு எழுத ஒருவர் இருந்தால் சரி. தெரு முனையில் பெரிய அச்சிட்ட வரைபடத்தை மாட்டி, பொட்டு ஒட்டச் சொல்லலாம். ஸ்டிக்கர் பொட்டு அட்டை பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. மாலையில் அதைப் படம் எடுத்து, ஒவ்வொரு பொட்டையும் கணினி வரைபடத்தில் ஏற்றிவிட வேண்டும். காகிதத்தில் வந்தது காகிதத்தோடு போய்விடக் கூடாது.

படிவம் தமிழில் இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனாலும் சொல்கிறேன். அலுவலகத் தமிழும் வேண்டாம். ‘நீர்நிலை உள்வரத்து வாய்க்கால் ஆக்கிரமிப்பு’ என்று கேட்டால் யாருக்கும் பதில் வராது. ‘ஊருணிக்குத் தண்ணி எந்த வழியா வரும்? இப்ப வருதா?’ என்று கேட்டால் கதை கதையாய் வரும்.

வேறு ஊர்களில் இது நடந்திருக்கிறதா, சும்மா கனவா?

நடந்திருக்கிறது. பார்சிலோனா நகராட்சி 2016-ல் தன் நகரத் திட்டத்துக்கு டெசிடிம் தளத்தில் யோசனை கேட்டபோது பத்தாயிரத்துக்கும் மேல் வந்தன. நேரடிக் கூட்டங்களில் சொன்னவற்றையும் அதே தளத்தில் ஏற்றினார்கள். ஏற்றுக்கொண்டோம், ஏற்கவில்லை, காரணம் இது என்று பதிலும் அங்கேயே தெரியும்படி வைத்தார்கள். அந்தப் பதில்தான் அதன் உயிர் என்பது என் எண்ணம்.

மாட்ரிட் 2015-ல் தொடங்கிய தளத்தில் யார் வேண்டுமானாலும் யோசனை வைக்கலாம். ஆனால் 16 வயதுக்கு மேற்பட்ட நகரவாசிகளில் 1 விழுக்காட்டினர் ஆதரித்தால்தான் அது வாக்கெடுப்புக்குப் போகும். ஆயிரக்கணக்கில் யோசனைகள் வந்தும் அந்தக் கோட்டைத் தாண்டியவை மிகச் சில. மக்கள் பேசிப் பேசிக் களைத்துப்போகாமல் இருக்க, எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

நமக்கு மிக நெருக்கமான உதாரணம் ஐரோப்பாவில் இல்லை, தான்சானியாவில் இருக்கிறது. டார் எஸ் சலாம் நகரத்தில் வெள்ளம் வந்து வந்து போகும் பகுதிகளில், 2015 முதல் கல்லூரி மாணவர்களும் அங்கே வசிப்பவர்களும் சேர்ந்து வடிகால்களை ஒவ்வொன்றாக நடந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினார்கள். ரமணி ஹூரியா என்று அதற்குப் பெயர். அதே 2015-ல் சென்னை வெள்ளத்தின்போதும் எந்தத் தெரு மூழ்கியிருக்கிறது என்று மக்களே குறித்த வரைபடம் இதே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்மேல்தான் உருவானது. காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகமும் அதைச் சுற்றிப் பல கல்லூரிகளும் இருக்கின்றன. ஒரு பருவத்துக்கு ஒரு வகுப்பு இறங்கினால் போதும்.

கணினியே இல்லாமல் வழிகாட்டியவர்களும் உண்டு. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி 1989-லேயே நகர பட்ஜெட்டில் மக்களை உட்கார வைத்தது. நம் பக்கத்துக் கேரளம் 1996-ல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. கூட்டத்தில் முடிவெடுத்தால் பணம் வரும் என்று தெரிந்ததால்தான் மக்கள் கூட்டத்துக்கு வந்தார்கள்.

நிறைய லைக் வாங்கிய யோசனைதானே ஜெயிக்கும்? ஆள் பலம் உள்ளவர் அடித்துவிடுவாரே?

லைக் எண்ணுகிற முறை என்றால் அப்படித்தான் ஆகும். அதனால் வேறு முறை கண்டுபிடித்திருக்கிறார்கள். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரம் 2010-ல் தொடங்கிய தளத்தில், ஒரு யோசனைக்கு ஆதரவான வாதம் ஒரு பக்கம், எதிரான வாதம் மறுபக்கம். ஒருவர் எழுதியதற்கு நேரடியாகப் பதில் எழுதிச் சண்டை போட வழி கிடையாது.

தைவானில் ஊபர் பிரச்சினையைப் பேச 2015-ல் பயன்படுத்திய போலிஸ் (Pol.is, காவல்துறை இல்லை) என்ற இணையக் கருவியிலும் பதில் எழுதும் வசதி இல்லை. ஒரு வரிக் கருத்துகள் ஒவ்வொன்றாக வரும். ஒத்துக்கொள்கிறேன், ஒத்துக்கொள்ளவில்லை, தெரியவில்லை என்று தட்ட வேண்டியதுதான். யார் யார் ஒரே மாதிரி தட்டுகிறார்கள் என்று பார்த்து அது குழுக்களாகப் பிரிக்கும். பிறகு எல்லாக் குழுவும் ஒத்துக்கொண்ட வரிகளை முன்னால் கொண்டுவரும்.

கானாடுகாத்தானில் சுற்றுலா என்று வைத்துக்கொள்வோம். ‘டூரிஸ்ட் வேன் தெருவுக்குள் வரக் கூடாது’ என்பதில் ஊர் இரண்டாகும். ‘வேனை ஊர் எல்லையில் நிறுத்தி, அங்கிருந்து நம்மூர்ப் பிள்ளைகள் நடத்திக் கூட்டிப் போய்க் காட்டினால் சரி’ என்பதில் ஓட்டல் வைத்திருப்பவரும் ஒத்துக்கொள்வார், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஐயாவும் ஒத்துக்கொள்வார். அப்படி ஒரு வரியைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கருவி.

பழைய வீடுகளையும் இப்படிப் பதிவு செய்யலாமா?

செய்ய வேண்டும், ரொம்ப எச்சரிக்கையாக. 2014-ல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில், தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுப்புகள் என்று செட்டிநாடு இடம்பெற்றது. அது உத்தேசப் பட்டியல்தான், பாதுகாப்புச் சட்டம் ஆகாது. அதற்குள்ளேயே இங்கே வீடுகள் இடிபட்டு, தேக்குத் தூணும் நிலைக்கதவும் பெல்ஜியம் கண்ணாடியும் பழம்பொருள் கடைகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. என்ன இருக்கிறது என்ற கணக்கே இல்லாமல் எதைக் காப்பது?

ஆனால் ‘இந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, உள்ளே இருபது தேக்குத் தூண்’ என்று பொது வரைபடத்தில் போட்டால் அது திருடனுக்குக் கொடுத்த விலாசம். அதனால் தெருவிலிருந்து தெரிவதை மட்டும்தான் பொதுவில் போடுவது: முகப்பு, மதில், கூரை ஓடு, சுதை வேலை. உள்ளே இருப்பது, யார் இருக்கிறார்கள், பூட்டியிருக்கிறதா என்பதெல்லாம் சொந்தக்காரர் எழுதித் தந்தால் மட்டும், பொதுவில் காட்டாத தனிக் கோப்பில்.

என் பெயர், போன் நம்பர் எல்லாம் வெளியே போய்விடாதே?

கேட்காமல் இருந்தால் போகாது. ஒரு உடைந்த வாய்க்காலைப் பற்றிச் சொல்ல ஆதார் எண் எதற்கு? தெருப் பெயரும், வசிப்பவரா இல்லையா என்பதும் போதும். தனிநபர் தகவலைச் சம்மதம் பெற்று, சொன்ன காரியத்துக்கு மட்டும் பயன்படுத்தச் சொல்லி 2023-லேயே டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆக்கிரமிப்பைக் காட்டிக் கொடுத்தவர் பெயர் வெளியே தெரிந்தால் அதே தெருவில் அவர் எப்படிக் குடியிருப்பார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்து கொடுத்தால் அதிகாரிகள் கேட்பார்களா?

சும்மா கொடுத்தால் கேட்க மாட்டார்கள். எங்களுக்கே நடந்தது. ஒரு வரத்துக்கால் அடைப்பைப் பற்றி ஒரு அலுவலகத்தின் இணையதளத்தில் படத்தோடு மனு போட்டோம். நான்காம் நாள் ‘தீர்வு காணப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. போய்ப் பார்த்தால் அடைப்பு அப்படியே இருந்தது, யாரும் வந்த சுவடே இல்லை. அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அதிலிருந்து முறையை மாற்றிக்கொண்டோம். வரைபடத்தைச் சட்டம் காது கொடுக்கிற இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஊராட்சி என்றால் கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், ஊருணி பற்றிப் பேச அதைவிடத் தோதான நாள் கிடையாது. வரைபடத்தை அச்சிட்டு எடுத்துப் போய், சர்வே எண்ணோடு தீர்மானமாக எழுதச் சொல்ல வேண்டும். நகரம் என்றால் வார்டு குழுவும் பகுதி சபையும். 2022-ல் இதற்கு விதிகள் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1-ல் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. மாஸ்டர் பிளான் வரைவு வந்தால் அந்த இரண்டு மாதத்துக்குள் ஆட்சேபணை. பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. 30 நாளில் பதில் தர வேண்டும்.

மாநகராட்சியே இப்படி ஒரு தளம் தொடங்கினால் நான் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான். கருத்துப் பெட்டிக்குப் பக்கத்திலேயே பதில் கட்டம் வேண்டும். ஏற்றார்களா, இல்லையா, ஏன், எந்தத் தேதியில் என்று நான் மட்டுமில்லாமல் ஊரே பார்க்கும்படி இருக்க வேண்டும்.

எங்கள் கிராமம் இப்போது மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. எங்களுக்கு என்ன மாறுகிறது?

கிராம சபை போய்விடும், இதுதான் பெரிய மாற்றம். அதற்குப் பதிலாகப் பகுதி சபை. கிராமப்புறத்துக்கான வேலைத் திட்டமும் பொருந்தாமல் போகும். வரி விகிதம் மாறும். இவற்றைப் பற்றி மக்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. நேற்றுவரை தலைவரைத் தெருவில் பார்த்துக் கேட்டவர்கள், இனி எந்த அலுவலகத்தில் யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்பார்கள். சேர்ந்த ஊர்களில்தான் வரைபட வேலையை முதலில் தொடங்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். அங்கே மனை போடும் வேகம் அதிகம். கண்மாய் வரத்தும் மேய்ச்சல் பொட்டலும் பதிவாகும் முன்பே கல் ஊன்றிவிடுவார்கள்.

பள்ளிப் பிள்ளைகளைச் சேர்க்கலாமா?

கட்டாயம். ஐ.நா.வின் மனித வாழிட அமைப்பு 2012 முதல் மைன்கிராஃப்ட் விளையாட்டிலேயே பூங்காவையும் தெருவையும் பிள்ளைகளை வடிவமைக்கச் சொல்லி, அதை வைத்துப் பல நாடுகளில் உண்மையான இடங்களைக் கட்டியிருக்கிறது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், வீட்டிலிருந்து பள்ளிக்கு நடக்கும் வழியில் பயமாக இருக்கும் இடங்களைக் குறிக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் வரைபடத்தில் வராத இடங்கள் அதில் வரும்.

இதற்கெல்லாம் செலவு எவ்வளவு ஆகும்?

மென்பொருளுக்குக் காசு இல்லை. எங்களுக்கு ஆனது அச்சுச் செலவு, பொட்டு அட்டை, டீ, வடை. ஆட்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தருகிறார்களே, அதுதான் பெரிய செலவு. மாநகராட்சி அளவில் என்றால் சர்வர் வேண்டும், அதைவிட முக்கியமாக, வரும் கருத்தைப் படித்துப் பதில் எழுதவே சம்பளத்துக்கு ஒருவர் வேண்டும். ஆப் செய்யப் பணம் ஒதுக்கி, பதில் சொல்லும் ஆளுக்கு ஒதுக்காவிட்டால் அந்த ஆப் ஆறு மாதத்தில் செத்துவிடும்.

மழைக்காலம் முடிந்துவிட்டதே, இப்போது சேர்ந்தால் பயன் உண்டா?

உண்டு. கோடையில் ஊருணி வற்றும்போதுதான் வரத்துக்காலின் வாய், பழைய கற்கட்டு, மண் மூடிய தூம்பு எல்லாம் கண்ணில் படும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஊருணி ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விடிகாலையில், வெயில் ஏறும் முன், அந்தத் தெருவிலேயே வயதில் மூத்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கரையைச் சுற்றி நடங்கள். அவர் எங்கே நின்று கைநீட்டுகிறாரோ அங்கே ஒரு படம் எடுத்து ஆரஞ்சில் குறித்துவிடுங்கள். ஐப்பசி வந்ததும் அவரையே கூட்டிக்கொண்டு மறுபடி போய்ப் பார்க்கலாம்.